நிலம் ஆடினால் மலைப்பாதை என்ன ஆகும்? மீட்பு வண்டிகள் ஏன் நாள்கணக்கில் அடிவாரத்திலேயே நிற்கின்றன

2025 ஆகஸ்ட் 31 நள்ளிரவை ஒட்டி, ஆப்கானிஸ்தானின் குனார் மலைப்பகுதியில் நிலம் நடுங்கியது. அளவு 6.0. உலகக் கணக்கில் இது மிகப்பெரிய நிலநடுக்கம் கிடையாது. ஆனாலும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண்ணும் கல்லும் சேர்த்துக் கட்டிய வீடுகள் தூங்கியவர்கள் மேல் விழுந்தது முதல் காரணம். அடுத்த காரணம் பாதை. மலையிலிருந்து உருண்ட பாறையும் மண்ணும் கிராமங்களுக்குப் போகும் சாலைகளை மூடிவிட்டன. ஹெலிகாப்டர் இறங்க இடமில்லாத ஊர்களில் வீரர்களை மேலிருந்து இறக்கினார்கள். மற்ற இடங்களில் காயம்பட்டவர்களை ஊர்க்காரர்களே சுமந்து நடந்தார்கள்.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது: இவ்வளவு இயந்திரங்கள் இருந்தும் ஒரு ரோட்டைத் திறக்க ஏன் இத்தனை நாள்? நாலு ஜேசிபி விட்டால் ஆகாதா?

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கேள்வி இல்லை. நீலகிரி, வால்பாறை, திம்பம், பர்கூர், ஏற்காடு, கொல்லிமலை என்று நம்மைச் சுற்றி மலைகள்தான். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் பகுதியை மையமாகக் கொண்டு வந்த நிலநடுக்கத்தின் அளவும் ஏறக்குறைய 6 என்றே கணிக்கப்பட்டிருக்கிறது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மலைச்சரிவு எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் மீதியெல்லாம் தானாக விளங்கிவிடும்.

சரிவு எப்படி நிற்கிறது

மலைச்சரிவில் இருக்கும் மண்ணை ஈர்ப்புவிசை எந்நேரமும் கீழே இழுக்கிறது. அந்த இழுப்பை மூன்று விஷயங்கள் தடுத்து நிறுத்துகின்றன.

1. உராய்வு. மண்துகள்களும் பாறைத்துண்டுகளும் ஒன்றன் மேல் ஒன்று அழுந்தி நிற்பதால் வரும் பிடிப்பு.

2. ஒட்டும் தன்மை. களிமண் கலந்த மண்ணுக்கு இது உண்டு. மரம், புதர்களின் வேர் மேல் மண்ணைத் தைத்து வைப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

3. அடித்தாங்கல். சரிவின் கால்பகுதியில் இருக்கும் மண், மேலே இருப்பதை முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது.

மலையில் சாலை போடும்போது நாம் கை வைப்பது இந்த மூன்றாவதில்தான். சரிவின் காலை வெட்டித்தான் சாலைக்கு இடம் எடுக்கிறோம். வெட்டிய பக்கம் செங்குத்துச் சுவராக நிற்கும். வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டி அகலப்படுத்தியிருப்பார்கள். இதனால் மலைச்சாலை என்பது மேல்பக்கம் முட்டு இழந்த சரிவும், கீழ்பக்கம் கொட்டிய மண்ணுமாக, இரண்டு பலவீனங்களுக்கு நடுவே ஓடும் ஒரு கோடு. மலையில் எந்த இடம் முதலில் விழும் என்று கேட்டால், பெரும்பாலும் சாலையோரம்தான். மேலிருந்து விழும் மண் எங்கே வந்து தங்கும் என்றால், அதுவும் சாலையில்தான், ஏனென்றால் அந்தச் சரிவில் சமதளமாக இருப்பது அது ஒன்றுதான்.

மழை இந்தக் கணக்கை எப்படி மாற்றுகிறது என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் தண்ணீர் நிரம்பி, துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிவிடுகிறது. இதைத் துளைநீர் அழுத்தம் என்பார்கள். அது ஏற ஏற உராய்வு குறைகிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போகிறது.

நிலநடுக்கம் சேர்க்கும் நான்கு விஷயங்கள்

1. பக்கவாட்டு உதறல். ஈர்ப்புவிசை கீழே மட்டும்தான் இழுக்கும். நடுக்கம் சரிவை வெளிப்பக்கமாகவும் உதறும். முறத்தில் புடைக்கும்போது அரிசி நகர்வது போல, ஒவ்வொரு உதறலிலும் மண் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒரே உதறலில் விழாத சரிவுகூட இருபது நொடி தொடர்ந்தால் விழலாம்.

2. உச்சியில் ஆட்டம் அதிகம். தென்னையின் அடியில் கைவைத்து ஆட்டினால் அடிமரம் லேசாக அசையும், கொண்டை நன்றாக ஆடும். மலையும் அப்படித்தான். அதிர்வலை மலைமுகட்டை நோக்கிப் போகப் போக ஆட்டம் பெருகுகிறது. அதனால்தான் நிலநடுக்கத்தால் வரும் மண்சரிவுகள் பல சமயம் முகட்டை ஒட்டித் தொடங்குகின்றன. மழையால் வரும் மண்சரிவு ஓடைப்பள்ளங்களிலும் தண்ணீர் கூடும் இடங்களிலும் அதிகமாகத் தொடங்கும். இந்த வித்தியாசம் முக்கியம். 'இந்த இடத்தில் மழைக்கு எப்போதும் விழுந்ததில்லை' என்ற அனுபவம் நிலநடுக்கத்துக்குப் பொருந்தாது.

3. பாறை இடுக்கு திறப்பது. உறுதியான பாறைமுகத்திலும் விரிசல்கள் உண்டு. உதறலில் அவை திறந்து, பாறைத்துண்டுகள் கழன்று உருளும். இதற்குப் பெரிய நிலநடுக்கமே வேண்டியதில்லை. அளவு 4-ஐ ஒட்டிய அதிர்வுகள்கூடப் பாறைகளை உருட்டியதாகப் பதிவுகள் இருக்கின்றன.

4. எல்லா இடத்திலும் ஒரே நிமிடத்தில். மீட்புப் பணியைப் பொறுத்தவரை இதுதான் மிகக் கொடியது. மழைச்சரிவு பெரும்பாலும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஒவ்வொன்றாக வரும். நடுக்கமோ ஒரு மலைத்தொடரின் நூற்றுக்கணக்கான பலவீன இடங்களை ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்துவிடுகிறது. 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தில் சரிவுகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போனது.

மண் ஏற்கனவே ஊறியிருக்கும்போது நடுக்கம் வந்தால் இந்த நான்கோடு துளைநீர் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். 2011 செப்டம்பர் 18 மாலை சிக்கிமில் அளவு 6.9 நிலநடுக்கம் வந்தபோது பருவமழை இன்னும் ஓயவில்லை. வடக்கு சிக்கிமின் மங்கன், சுங்தாங், லாச்சுங் பகுதிகளுக்குப் போகும் சாலைகள் வரிசையாக அடைபட்டன. மீட்புக் குழுக்கள் நாள்கணக்கில் வழியைத் திறந்துகொண்டே போக வேண்டியிருந்தது.

கோவை நிலநடுக்கம் வந்தது பிப்ரவரியில். நம் மலைகளில் அது காய்ந்த மாதம். நீலகிரியைப் புரட்டிப்போட்ட 1978, 1993, 2009 சரிவுகள் மூன்றுமே நவம்பர் மாதத்தவை. அதே அளவு ஆட்டம் ஒரு நவம்பர் நடுவில் வந்தால் கணக்கே வேறு. அதோடு, 1900-இல் மலையில் இன்றைக்கு இருக்கும் அளவுக்குச் சாலை வெட்டுகளும் அடுக்குமாடிகளும் இல்லை. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் பாதையே 1899-இல்தான் திறக்கப்பட்டது.

நம் பகுதியின் நிலை என்ன

இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் நடக்கிறது. 'தக்காணம் உறுதியான பாறை, இங்கே ஒன்றும் வராது' என்பது ஒரு பக்கம். 'கோவை பெரிய பிளவின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எந்நேரமும் வெடிக்கும்' என்பது இன்னொரு பக்கம். இரண்டும் தவறு.

நீலகிரியின் வடக்கே மாயாறு, தெற்கே பவானி ஆகிய ஆறுகளின் போக்கை ஒட்டிப் பழைய நறுக்குமண்டலங்கள் ஓடுகின்றன. நறுக்குமண்டலம் என்றால், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமியோட்டின் பாளங்கள் ஒன்றோடொன்று உரசி நசுங்கிய பட்டை. பாலக்காட்டுக் கணவாயும் இந்தப் பழைய அமைப்போடு தொடர்புடையதுதான். இமயமலையில் இரண்டு பெரும் கண்டத்தட்டுகள் இன்றும் முட்டிக்கொண்டிருக்கின்றன. இங்கே அப்படி இல்லை. ஆனால் பழைய காயங்கள் முழுக்க ஆறிவிடவும் இல்லை. தேங்கும் அழுத்தம் எப்போதாவது அவற்றின் வழியே விடுபடலாம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002-இல் வெளியிட்ட நில அதிர்வு வரைபடத்தில் கோவை, நீலகிரி, சேலம் பகுதிகள் மூன்றாம் மண்டலத்தில் இருக்கின்றன. நடுத்தர அபாயம் என்று அதற்குப் பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே, மகாராஷ்டிரத்தின் கொய்னாவில், 1967 டிசம்பரில் அளவு 6.3 நிலநடுக்கம் வந்து பல உயிர்களை எடுத்தது. ஆகவே சரியான நிலைப்பாடு இது: அடிக்கடி வராது, வந்தால் தாங்கும்படி தயாராக இருக்க வேண்டும்.

அபாயத்தின் மறுபாதி மண்ணில் இருக்கிறது. நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்ற மிகக் கடினமான பாறை. ஆனால் அதன் மேல் காலங்காலமாகச் சிதைந்து உருவான செம்மண் பல மீட்டர் கனத்துக்குப் படிந்திருக்கிறது. வழுக்கும் பாறை மேல் கனமான ஈரப் போர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் கொட்டிய மழையில் சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள் ஏற்பட்டன; 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தப் போர்வை எவ்வளவு எளிதில் நழுவும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஒரு கொண்டை ஊசி வளைவில் நடப்பது

'நாலு ஜேசிபி' கேள்விக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பர்லியாறு தாண்டி மேலே ஏறும் சாலையில் ஒரு சரிவு விழுந்ததாக வைத்துக்கொள்வோம். மண் சாலையில் 40 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், சராசரி 4 மீட்டர் உயரத்துக்குக் குவிந்திருக்கிறது. மொத்தம் 1,280 கன மீட்டர். ஒரு டிப்பர் 10 கன மீட்டர் கொள்ளும் என்றால் 128 லோடு. ஒரு லோடு ஏற்ற 5 நிமிடம் என்று வைத்தாலும் 640 நிமிடம். அதாவது இடைவிடாமல் வேலை செய்தால் கிட்டத்தட்ட 11 மணி நேரம். மலைக்கணக்கில் இது ஒரு நடுத்தரச் சரிவுதான்.

'ஏன் லோடு ஏற்ற வேண்டும், பள்ளத்தில் தள்ளிவிடலாமே?' சில இடங்களில் தள்ளலாம். கொண்டை ஊசி வளைவுகளில் முடியாது. மலைப்பாதை பாம்பு போல மடிந்து மடிந்து ஏறுகிறது. நீங்கள் தள்ளும் மண் இரண்டு வளைவு கீழே அதே சாலையில் போய் விழும். இதே காரணத்தால், மேலே விழும் ஒரே ஒரு சரிவு மூன்று மடிப்புகளையும் சேர்த்து மூடிவிடவும் கூடும். வரைபடத்தில் பார்த்தால் ஒரு சரிவு. சாலையில் போனால் மூன்று அடைப்பு.

அப்புறம் பாறைகள். லாரி அளவு சார்னோகைட் பாறை ஒன்று நடுவில் கிடந்தால் ஜேசிபியால் புரட்ட முடியாது. பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டிய ஹிட்டாச்சி, அதாவது பெரிய மண் அள்ளும் இயந்திரம், வேண்டும். இல்லையென்றால் துளைபோட்டு வெடிவைக்க வேண்டும். ஆடி அசந்துபோன சரிவின் அடியில் வெடிவைப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

வேலை நடக்கும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். மண் அள்ளும் ஓட்டுநரின் கண் பக்கெட்டில் இருக்கும். மேலே பார்க்க அவரால் முடியாது. அதனால் ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று சரிவின் உச்சியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கையில் ஒரு விசில். மேலிருந்து நெல்லிக்காய் அளவு கல் இரண்டு உருண்டால் போதும், விசில் ஊத வேண்டும். ஓட்டுநர் இயந்திரத்தைப் பின்னால் எடுத்துவிட வேண்டும். அள்ள அள்ளச் சரிவின் கால் மறுபடியும் வெட்டுப்படுகிறது, அதனால் மேலே இருப்பது இறங்கிக்கொண்டே இருக்கிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகோ பின்னதிர்வுகள் வேறு. பின்னதிர்வு என்பது முதல் நடுக்கத்தைத் தொடர்ந்து, முறிந்த பாறை நிலைகொள்ளும்வரை நாள்கணக்கில் வரும் சிறு பெரு அதிர்வுகள். நேபாளத்தில் முதல் நடுக்கம் வந்து 17 நாள் கழித்து, மே 12-இல், அளவு 7.3-இல் இன்னொன்று வந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் வேலையை நிறுத்தி, ஆளை விலக்கி, மறுபடி பார்த்துத் தொடங்க வேண்டும். இரவில் சரிவின் தலை தெரியாது, மூடுபனியிலும் தெரியாது. ஆகவே அந்த 11 மணி நேரம் உண்மையில் இரண்டு பகல்.

இதெல்லாம் ஒரு அடைப்புக்கு. நடுக்கத்தில் ஒரே சாலையில் பத்து அடைப்பு விழலாம். இங்கேதான் பலர் தவறவிடும் கணக்கு வருகிறது. இயந்திரம் எத்தனை இருந்தாலும் முதல் அடைப்பைத் திறந்த பிறகுதான் இரண்டாவதற்குப் போக முடியும். அடிவாரத்தில் இருபது ஜேசிபி வரிசையில் நின்றாலும் வேலை செய்வது முன்னால் இருப்பது ஒன்றோ இரண்டோதான். மீதி வரிசையில் நிற்கும். நடுவில் மாட்டிய இயந்திரம் ஏதாவது இருந்தால்தான் இந்தக் கணக்கு உடையும். மேலே இருக்கும் இயந்திரம் கீழே இருக்கும் இருபதைவிட மதிப்புள்ளது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

இடிபாட்டில் சிக்கியவர்களில் உயிரோடு மீட்கப்படுபவர்கள் பெரும்பாலும் முதல் ஒரு நாளில் மீட்கப்படுபவர்களே. 72 மணி நேரத்துக்குப் பிறகு வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. சாலையைத் திறக்கும் கணக்கையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மலைக்கு எத்தனை வாசல்

நீலகிரிக்குப் பல பாதைகள் இருக்கின்றனவே என்று தோன்றும். கோவைப் பக்கம் கீழிருந்து ஏறுபவை மூன்று: மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர், அதே மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகளோடு மஞ்சூர். மழைக்காலத்தில் குன்னூர் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். அது பழக்கப்பட்ட ஏற்பாடு.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று பாதைகளும் மலையின் ஒரே பக்கத்தில், கிழக்கும் தெற்குமான சரிவில், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாமல் ஏறுகின்றன. ரயில் பாதையும் குன்னூர் சாலையை ஒட்டியே ஏறுகிறது. மழைக்கு இவை மாற்றுப்பாதைகள். நிலநடுக்கத்துக்கு இவை ஒரே பாதை மாதிரிதான். ஒரே ஆட்டம் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். 2009 மழையிலேயே குன்னூர் சாலை, கோத்தகிரி சாலை, ரயில் பாதை மூன்றும் பாதிக்கப்பட்டன. உண்மையான மாற்று என்றால் அது மறுபக்கம்: கூடலூர் வழியாகவும், 36 வளைவுகள் கொண்ட கல்லட்டி வழியாகவும் மைசூர் பக்கம் இறங்குவது. ஆக, கோவையிலிருந்து வர வேண்டிய உதவி கர்நாடகம் சுற்றி வர நேரலாம். இதற்கு மாநிலம் கடந்த ஏற்பாடு முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

மற்ற மலைகளின் நிலை:

1. வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொரு வழி மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்குக் காட்டுக்குள் நெடுந்தூரம். இரண்டும் ஒரே மலைத்தொடர். எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பெரிய சிகிச்சை என்றால் பொள்ளாச்சி அல்லது கோவைதான். நீலகிரியை விட இங்கேதான் எனக்குக் கவலை அதிகம்.

2. தாளவாடி. ஈரோடு மாவட்டம்தான், ஆனால் பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 வளைவு ஏறித்தான் போக வேண்டும். திம்பம் அடைபட்டால் சாம்ராஜ்நகர் பக்கம் திறந்திருக்கும். தாளவாடி சமவெளி போன்ற மேட்டுநிலம் என்பதால் சரிவு அபாயம் ஊருக்குக் குறைவு, பாதைக்கு அதிகம்.

3. கொல்லிமலை, ஏற்காடு. கொல்லிமலையின் 70 வளைவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். ஏற்காட்டுக்குச் சேலம் பாதையோடு குப்பனூர் பாதையும் உண்டு.

ஹெலிகாப்டர் இருக்கிறதே

சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பது நமக்குப் பெரிய பலம். ஆனால் ஹெலிகாப்டருக்கு மூன்று கட்டுப்பாடுகள். ஒன்று, இறங்க இடம். தேயிலைச் சரிவில் சமதளம் கிடைப்பது அரிது. பள்ளி மைதானங்களும் எஸ்டேட் மைதானங்களும்தான் இருக்கும். இரண்டு, கொள்ளளவு. ஒரு முறைக்குச் சிலரைத்தான் கொண்டுபோக முடியும். மண் அள்ளும் இயந்திரத்தைத் தூக்கிவர எல்லா ஹெலிகாப்டராலும் ஆகாது. மூன்று, வானிலை. 2021 டிசம்பர் 8-இல் சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் நுழைந்ததே அதற்குக் காரணம் என்று விசாரணை சொன்னது. திறமையான விமானிகளுக்கே மலைமேகம் அப்படிப்பட்டது. நவம்பரில் நாள் முழுக்க மூடுபனி நிற்கும் மலைக்கு ஹெலிகாப்டரை மட்டும் நம்பித் திட்டமிட முடியாது.

2024 ஜூலை 30 வயநாட்டுச் சரிவை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது மழையால் வந்தது. சூரல்மலையில் பாலம் அடித்துச் செல்லப்பட்டு முண்டக்கை துண்டிக்கப்பட்டது. ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் பிரிவு 190 அடி நீளத்துக்கு பெய்லி பாலத்தை, அதாவது இரும்புத் துண்டுகளை இணைத்துக் கட்டும் தற்காலிகப் பாலத்தை, ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்தது. போற்ற வேண்டிய வேலை. அது முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், சூரல்மலை வரைக்கும் சாலை திறந்திருந்தது. பாலத்தின் பாகங்கள் லாரியில் வந்து சேர முடிந்தது. ஒரே ஒரு இடத்தில் அறுந்த பாதையை இப்படி ஒட்டலாம். வழி நெடுக அறுந்த பாதையை ஒட்ட முடியாது.

ஆறு அடைபட்டால்

சரிந்த மண் சாலையோடு நிற்காமல் பள்ளத்தாக்கின் ஆற்றையும் மறிக்கலாம். இதைச் சரிவணை என்கிறார்கள். பின்னால் தண்ணீர் தேங்கி, பிறகு ஒரேயடியாக உடைந்து இறங்கும். 2008-இல் சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்தில் டாங்ஜியாஷான் என்ற இடத்தில் இப்படி ஒரு பெரும் ஏரியே உருவாகி, கீழே இருந்த லட்சக்கணக்கானவர்களை வெளியேற்ற வேண்டிவந்தது. நம் மலைகளின் ஆறுகள் சிறியவை, அவ்வளவு பெரிதாக ஆகாது. ஆனால் ஒரு அடையாளத்தை அடிவாரத்துக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: மழைக்காலத்தில் ஓடிக்கொண்டிருந்த கல்லாறு மாதிரியான ஒரு ஆறு திடீரென வற்றினால், மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது என்று பொருள். வேடிக்கை பார்க்க ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. கரையை விட்டு மேலேற வேண்டும்.

அடுத்த மழை

நடுக்கத்தில் விழாத சரிவுகளும் தப்பித்துவிட்டன என்று சொல்ல முடியாது. உச்சியில் விரிசல் விட்டு, வேர் அறுந்து, பாதி நகர்ந்து நிற்கும். அடுத்த மழையில் தண்ணீர் அந்த விரிசல் வழியாக நேராக உள்ளே போகும். ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் 2024 ஜனவரி 1 அன்று நிலநடுக்கம். சரிவுகள் சாலைகளை அடைத்துப் பல ஊர்கள் தனித்துப்போயின. சில இடங்களில் கடற்கரையே மீட்டர் கணக்கில் உயர்ந்ததால் துறைமுகங்களில் கப்பலும் அணைய முடியவில்லை. அதே பகுதியில் அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை பெய்து மறுபடியும் சரிவுகள். எல்லா வசதியும் பயிற்சியும் உள்ள நாட்டுக்கே இந்த நிலைமை. வென்சுவானிலும் இரண்டு ஆண்டு கழித்து, 2010 ஆகஸ்டு மழையில், தளர்ந்து கிடந்த மண் சேறாகப் பெருகி ஓடியது.

நீலகிரிக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு முன்னறிவிப்பு வழங்கிவருகிறது. அது மழையின் அளவை வைத்துக் கணிக்கப்படுவது. நிலநடுக்கத்துக்கு முன்னறிவிப்பு என்பதே உலகில் எங்கும் கிடையாது. ஒரு நடுக்கம் வந்துவிட்டால் பழைய மழை வரம்புகளும் பொருந்தாது. முன்பு 20 செ.மீ. மழைக்கு விழுந்த சரிவு, தளர்ந்த பிறகு அதைவிடக் குறைந்த மழைக்கே விழலாம். வரம்பைத் திருத்திக் கணக்கிட வேண்டியிருக்கும்.

திட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும்

இப்போதைய ஏற்பாடுகளின் மையம் 'அடைப்பைச் சீக்கிரம் நீக்குவது'. மழைக்கு அது சரி. நிலநடுக்கத்துக்குத் தொடக்கப்புள்ளி வேறாக இருக்க வேண்டும்: முதல் மூன்று நாள் சாலையே இல்லை என்று வைத்துக்கொண்டு, மேலே இருப்பதை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா?

1. இயந்திரங்கள் மேலேயே, பிரிந்து இருக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், வால்பாறை என்று ஒவ்வொரு பகுதியிலும் தனியாரிடமும் எஸ்டேட்டுகளிலும் உள்ள ஜேசிபி, ஹிட்டாச்சி, பிரேக்கர், டீசல் இருப்பு, ஓட்டுநரின் எண் ஆகியவை ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். செலவு ஏறக்குறைய இல்லாத வேலை இது.

2. மருத்துவம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்திருப்பது இந்த வகையில் பெரிய மாற்றம். ஆனால் ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவேகூடச் சாலை அறுபடலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் எலும்பு முறிவுக் கட்டு, ரத்தப்போக்கை நிறுத்தும் பொருட்கள், ஜெனரேட்டருக்கு டீசல் ஆகியவை மூன்று நாள் அளவுக்கு இருக்க வேண்டும்.

3. ஆட்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தமிழகப் படைப்பிரிவு இருப்பது அரக்கோணத்தில். அங்கிருந்து அடிவாரம் வந்து சேரவே பல மணி நேரம். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் நீலகிரிக்கு மேலேயே பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டு. வால்பாறைக்கு அப்படி இல்லை. அங்கே எஸ்டேட் தொழிலாளர்களுக்கும் இளைஞர்களுக்கும் மீட்புப் பயிற்சி தருவதுதான் வழி.

4. பேச்சுத்தொடர்பு. கோபுரமும் கேபிளும் சாலையோடு சேர்ந்தே போகும். செயற்கைக்கோள் போனும் வயர்லெஸும் தாலுகா அளவிலாவது வேண்டும்.

5. சரிவைப் பிடித்து நிறுத்துவது. நீண்ட இரும்புக் கம்பிகளை மண்ணுக்குள் அடித்து, வலை போர்த்தி, புல் வளர்க்கும் முறையைக் கோத்தகிரி சாலையில் நெடுஞ்சாலைத் துறை செய்திருக்கிறது. கருங்கல் தடுப்புச்சுவரை விட ஆட்டத்தைத் தாங்கும் வாய்ப்பு இதற்கு அதிகம். எல்லாச் சரிவுக்கும் செய்யப் பணம் போதாது. அதனால் ஒரு பாதையை மட்டும் தேர்ந்தெடுத்து அடிமுதல் முடிவரை பலப்படுத்துவது, எல்லாப் பாதையிலும் ஆங்காங்கே ஒட்டுப்போடுவதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து. ஒன்றாவது திறந்திருக்க வேண்டும்.

மலைச்சாலையில் இருக்கும்போது ஆடினால்

1. வண்டி ஓடும்போது நடுக்கத்தை டயர் பஞ்சர் ஆனது போல உணர்வீர்கள். வேகத்தைக் குறைத்து, வெட்டிய மண்சுவருக்கு அடியில் இல்லாமல், வளைவின் வெளிமூக்கு போன்ற திறந்த இடத்தில் நிறுத்துங்கள். பள்ளத்தின் ஓரத்தை ஒட்டியும் நிறுத்த வேண்டாம். கொட்டிய மண் அங்கேதான் முதலில் இறங்கும்.

2. ஆட்டம் நின்றதும் உடனே கிளம்பாதீர்கள். கண்ணாடியை இறக்கிக் காதுகொடுங்கள். கல் உருளும் சத்தமும் மரம் முறியும் சத்தமும் மேலிருந்து வந்தால், வண்டியை விட்டுவிட்டு, சத்தம் வரும் திசைக்குக் குறுக்காக நடந்து விலகுங்கள்.

3. அடைப்பு முன்னால் தெரிந்தால் அதன் மேல் ஏறிக் கடக்க வேண்டாம். பின்னால் வரும் வண்டிகளை நிறுத்தி, ஒரு பக்கத்தை முழுதாகக் காலியாக விடுங்கள். சாலை நிறைய வண்டிகள் மாட்டி நின்றால், மண் அள்ள வரும் இயந்திரத்துக்கு அவையே முதல் அடைப்பு.

4. நீங்கள் நிற்கும் இடத்தைக் கொண்டை ஊசி வளைவின் எண்ணோடு சொல்லுங்கள். எண் பலகை பல மலைப்பாதைகளில் ஒவ்வொரு வளைவிலும் இருக்கிறது. 'பர்லியாறு பக்கத்தில்' என்று சொன்னால் தேடுவார்கள். வளைவு எண்ணைச் சொன்னால் நேராக வருவார்கள்.